குலுங்காத பிக்கப்

அஹ்ஸன் தன் பிக்கப்பைப் பின்பக்கமாக என் கராஜுக்குள் விட்டு இறங்கி, "காக்கா, இதுட பின்பக்கத்த அப்புடியே மாத்தணும்" என்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தப் பின்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அதன் ஸ்பிரிங்குகளைப் போன வருடம் நானே கழற்றிப் பூட்டிக் கொடுத்திருந்தேன். என் வேலையில் குறை சொல்ல வந்திருக்கிறானோ என்றுதான் நினைத்தேன்.

அவன் குறை சொல்லவில்லை. போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். எந்த நாட்டிலோ ஒரு வெள்ளைக்காரன் பிக்கப்பைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். போனில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களால் எனக்குப் படாத பாடு. ஒருவன் லொறிக்குக் கார் ஹோர்ன் கேட்பான், இன்னொருவன் முச்சக்கர வண்டியைப் பஸ் போல நீட்டித் தரச் சொல்வான். அந்த வரிசையில் இவனும் சேர்ந்துவிட்டானே என்று கவலையாக இருந்தது. அஹ்ஸன் நல்ல பொடியன். கலியாண வீடுகளுக்குக் கதிரை, மேசை வாடகைக்கு விடுகிறவன். யாரோடும் சத்தம் போட்டுக் கதைத்து நான் பார்த்ததில்லை. என்னையும் கூடப்பிறந்த அண்ணனைப் போலக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவன் கேட்டது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாதாரண பிக்கப்பின் பின்னால் இரண்டு சில்லுகளையும் ஒரே அச்சு இணைத்திருக்கும். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் அந்த அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். இடது சில்லு குழியில் விழுந்தால் வலது சில்லும் கூடச் சேர்ந்து துள்ளும். நெல் மூடை ஏற்றினால் வண்டி அடங்கிப் போகும். சுமை இல்லாமல் ஓடினால் உள்ளே இருப்பவனின் குடல் வாய்க்கு வரும். அஹ்ஸனுக்கு வேண்டியது கார்களுக்கு இருக்கிற மாதிரி. ஒவ்வொரு சில்லும் தன் பாட்டுக்கு ஏறி இறங்க வேண்டும், நடுவில் இருப்பது அசையக் கூடாது.

"கதிரைக்கு எதுக்குடா கார் ஓட்டம்?" என்றேன்.

"கதிரைக்கு இல்ல காக்கா. ஜனாஸாக்கு."

பிரேதம் கொண்டுபோகக் கார் ஓட்டமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மவுத்தான ஆளுக்கு இடுப்பு நோகுமாடா?"

அவன் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "மையித்தையும் உயிரோட இரிக்கிற ஆளத் தொடுற மாதிரித்தான் தொடணும் எண்டு பள்ளிவாசல் ஹஸரத் சொல்லுறாரு. நம்மதான் சாமான் மாதிரி ஏத்திக்கிட்டுப் போறம்" என்றான்.

அவன் இருப்பது மேற்கே வயல் வட்டைக்கு நடுவில் உள்ள வீட்டுத்திட்டத்தில். கடற்கரையில் இருந்த வீடுகளைச் சுனாமி கொண்டுபோன பிறகு, வயலை நிரப்பிக் கட்டிக் கொடுத்த வீடுகள். வீடு கிடைத்தது, மண் கிடைக்கவில்லை. முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடத்தில் கபுறு வெட்ட முடியாது. அதனால் அங்கே யார் மவுத்தானாலும் வாய்க்கால் ஓரத்துக் கிரவல் பாதையால் கடற்கரை மையவாடிக்குத்தான் கொண்டுவர வேண்டும். அந்தத் திட்டத்தில் பிக்கப் வைத்திருப்பவன் அஹ்ஸன் ஒருவன்தான். கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்துவந்தான்.

அவனுடைய வாப்பாவையும் அதே பிக்கப்பில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். வேறு ஒருவர் ஓட்ட, இவன் பின்னால் தலைமாட்டில் இருந்திருக்கிறான். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் வாப்பாவின் தலை சந்தூக்குப் பெட்டியின் பலகையில் மோதுகிற சத்தம் கேட்டிருக்கிறது. தாங்க முடியாமல் மூடியைத் தூக்கி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். அடக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், பலகையில் அடிபட்டு வீங்கிய கைகளைப் பார்த்து உம்மா என்னவென்று கேட்டிருக்கிறார். இந்த விசரன் இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டான்.

"இப்ப உம்மாக்குச் சுகமில்ல. இடுப்பு எலும்பில நோய். டொக்டர் கைய விரிச்சிட்டாரு" என்றான். "உம்மா ஒண்டுதான் கேட்டா. வாப்பாவக் கொண்டுபோன மாதிரி என்னக் கொண்டுபோகாத மகன் எண்டா. ஓம் எண்டு சொல்லிட்டன்."

"எனக்கிட்ட ஒரு சொல் கேக்காமலா?"

"கேட்டா ஏலா எண்டுதானே சொல்லுவீங்க."

அது உண்மைதான். வண்டியை விட்டுவிட்டுப் போ என்றேன்.

விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு ஜப்பான் வேன், அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடையின் பின்வளவில் கிடந்தது. அதன் பின்பக்கம் நல்ல நிலையில் இருந்தது. சில்லுகளைத் தாங்கும் கைகள், சுருள் ஸ்பிரிங்குகள், சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷல் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு முழுசாக வெட்டி எடுத்து வந்தேன். வேனின் சட்டம் பிக்கப்பின் சட்டத்தை விட அகலம். சும்மா தூக்கிப் பூட்டிவிட முடியாது. பிக்கப்பின் இரண்டு நீளச் சட்டங்களிலும் தடித்த தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டி, அதில் புதிய தாங்கிகள் செய்து, நூல் கட்டி அளந்து, ஒரு பக்கம் முன்னுக்கும் மற்றப் பக்கம் பின்னுக்கும் போகாமல் பார்த்து, பிறகு கழற்றி, மறுபடியும் ஒட்டி... அந்த நாட்களில் நான் வீட்டில் யாரோடும் நல்ல முகம் வைத்துக் கதைக்கவில்லை என்று மனைவி இன்றும் சொல்வாள். பழைய அச்சில் டிபரன்ஷலும் சேர்ந்து குதிக்கும். இப்போது அதைச் சட்டத்தோடு இறுக்கியாயிற்று. அதிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டுகள் மட்டும் மூட்டு வைத்து ஆடும்.

"மோட்டார் ஒபிசில அனுமதி எடுக்கிறது உன்ட பாடு" என்று அஹ்ஸனிடம் சொன்னேன். "இன்னொண்டு, இனி இதுல நெல் மூட ஏத்த நினைக்காத." இரண்டுக்கும் ஓம் என்றான். அனுமதிக்கு நடையாய் நடந்து எடுத்தும் விட்டான்.

ஸ்பிரிங்கைத் தெரிவு செய்வதுதான் மிச்சம். இந்த வேலையில் எல்லாம் பாரத்தில் இருக்கிறது. பாரத்துக்கு மிஞ்சிய கடினமான ஸ்பிரிங் போட்டால் குலுங்கும், மிஞ்சிய மிருதுவானது போட்டால் அமுங்கிப்போய் இருந்துவிடும். எவ்வளவு பாரம் வரும் என்று தெரிந்தால்தான் சரியானதைப் போடலாம்.

"சந்தூக்கோட எத்தின பேர் இரிப்பீங்க?"

"ரெண்டு பேர் காக்கா. தலமாட்டில நான், கால்மாட்டில இன்னொராள்."

நான் அதை நம்பினேன். அவனும் பொய் சொல்லவில்லை. வேறு ஜனாஸாக்களுக்கு அவன்தான் ஓட்டுகிறவன், சந்தூக்கு ஏறும்போதே ஸ்டியரிங்கில் போய் இருந்துவிடுவான், பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. வாப்பாவின் ஜனாஸாவில் அவன் கண் வாப்பாவின் முகத்திலேயே இருந்தது, சுற்றி எத்தனை பேர் என்று அவன் எங்கே பார்த்தான்! நானோ ஊருக்குள் இருப்பவன். எங்கள் மையவாடி அடுத்த தெருவில். சந்தூக்கைத் தோளில் கொண்டுபோய்ப் பழகியவனுக்கு வீட்டுத்திட்டத்து வழக்கம் எப்படித் தெரியும்? இரண்டு பேரின் பாரத்துக்கு அளந்து, மிருதுவான ஸ்பிரிங்குகளைப் போட்டேன்.

முதல் ஓட்டத்துக்குப் பின்னால் இரண்டு மணல் மூடைகளும், நடுவில் ஒரு முட்டி எருமைத் தயிரும் வைத்துக்கொண்டு வாய்க்கால் பாதையால் போனேன். வீட்டுத்திட்டத்தில் இறங்கிப் பார்த்தபோது தயிரின் மேல் ஆடை கிழியாமல் இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல முட்டியைத் தூக்கிக்கொண்டு அஹ்ஸனின் வீட்டுக்குள் போனேன்.

சபியா உம்மா உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்துபோன உடம்பு. கண் மட்டும் ஒன்றையும் விடாமல் பார்த்தது.

"நீங்களா மகன் என்ட வண்டியச் செய்யிற ஆள்?"

"ஓம் உம்மா."

"தயிருக்கு நல்லாரிக்கும். நான் ஏறிப் பாக்கணும்."

அஹ்ஸன் பதறிப்போனான். "உம்மா, அது இப்ப என்னத்துக்கு?"

"உடுப்புத் தைக்கக் குடுத்தா அளவு பாக்காமலா வாங்குற?" என்றார்.

மெத்தை விரித்துக் கிடத்தினோம். மருமகள் பக்கத்தில் இருந்தாள். வீட்டுத்திட்டத்துக் கடைசி வீட்டிலிருந்து வாய்க்கால் மதகு வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒவ்வொரு குழிக்கும் காதைப் பின்னால் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்து பின்கதவை இறக்கினால், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எப்புடி உம்மா?"

"இடப்பக்கம் ஒரு சத்தம் கேக்கிது. அதப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. இடப்பக்கக் கையில் ஒரு ரப்பர் ஒழுங்காக உட்காரவில்லை. சரி செய்து கொடுத்தேன். "மத்தப்படி நல்லாரிக்கி. கிளினிக்குக்கும் இதுலயே போவம். மவுத்தாகும் வரைக்கும் ஏன் சும்மா வெச்சிப் பாக்கணும்?" என்றார் சபியா உம்மா. அதுவரை முச்சக்கர வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு போனவர், அதன் பிறகு கிளினிக்குக்கு அந்தப் பிக்கப்பில் படுத்துக்கொண்டு போனார். வழியில் என் கராஜடியில் நிறுத்தச் சொல்லி, வெயில் படாமல் அஹ்ஸன் பின்னால் கட்டிவிட்ட திரைச்சீலையை விலக்கி, "மகன், இப்ப சத்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிறகுதான் வீட்டுத்திட்டத்தில் ஒரு வயதாளி மவுத்தானார். புது வண்டியில் போகும் முதல் ஜனாஸா என்பதால் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். அங்கே நான் பார்த்த காட்சி! சந்தூக்கை ஏற்றியதும் ஆள் மேல் ஆளாக ஏறினார்கள். பத்துப் பதினைந்து பேர். இடம் இல்லாதவர்கள் பக்கப் பலகையில் தொங்கினார்கள். எல்லோருடைய கையும் சந்தூக்கில் இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் கடற்கரையில் இருந்த காலத்தில் சந்தூக்கு தோளில் போகும். ஒவ்வொருவரும் சில அடி தூக்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அந்த நன்மையில் எல்லோருக்கும் பங்கு. வட்டைக்கு நடுவில் வந்த பிறகு தோள் போய்விட்டது, பங்கு போகவில்லை. தூக்க முடியாதவன் தொட்டுக்கொண்டாவது வர வேண்டும் என்று ஏறிவிடுகிறான். மற்ற ஊரில் நான்கு பேர் ஏறுகிற இடத்தில் இங்கே ஒரு குடியே, தாய்வழிச் சொந்தம் முழுதுமே, ஏறும்.

பின்சில்லுகள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, முட்டி தட்டும் கால்களைப் போல அகன்று நின்றன. சில்லுக் கைகள் மேலே ஏறித் தடுப்பு ரப்பரில் முட்டிவிட்டன. இனி ஸ்பிரிங் என்ற ஒன்று இல்லை. ஒவ்வொரு குழிக்கும் சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம். பழைய பட்டை ஸ்பிரிங்கே இதைவிட நூறு மடங்கு மேல். நான் பின்னால் வந்துகொண்டே என் வாயில் வந்ததையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லித் தீர்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் ஆளாளுக்கு என்னைப் பார்த்தார்கள். இருந்த வண்டியையும் கெடுத்துவிட்டான் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அன்று பின்னேரம் அஹ்ஸன் கராஜுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"பெரிய ஸ்பிரிங்காப் போட்டுவிடுறன்" என்றேன்.

"போட்டா?"

"எத்தின பேர் ஏறினாலும் தாங்கும். ஆள் ஏறாட்டி, பழைய குலுக்கல்தான்."

"உம்மா கிளினிக் போகக்கொள்ள?"

"குலுங்கும்."

"அப்ப வேணாம்."

"அப்ப ஆக்கள ஏத்தாத. ரெண்டு பேருக்கு மேல ஏறினா இறங்கு எண்டு சொல்லு. என்ன பயம் உனக்கு?"

"மையித்துக்குப் பக்கத்தில இரிக்கிற மனிசனுக்கு எப்புடிக் காக்கா இறங்கு எண்டு சொல்லுற? உங்களால ஏலுமா?"

ஏலும் என்று வீம்புக்குச் சொன்னேன்.

வீட்டுத்திட்டத்துப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் அஸ்ஹரிடம் போய்ச் சொன்னோம். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிவாங்கியில் அறிவித்தார்: ஜனாஸா வண்டியில் இரண்டு பேர் மட்டும், மற்றவர்கள் வேறு வாகனத்தில். எல்லோரும் நல்ல விசயம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டிய ஒவ்வொருவரும் அந்த இரண்டு பேரில் தானும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டது பிறகுதான் விளங்கியது.

அறுவடைக் காலத்தில் ஒரு நாள் காலையில் சபியா உம்மா மவுத்தானார். செய்தி வந்தபோது நான் ஒரு முச்சக்கர வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். கராஜடியில் திரைச்சீலை விலகுவதும் அந்தக் குரலும் இனி இல்லை என்பது எனக்கு இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அஹ்ஸன் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பதால் நான்தான் ஓட்டுவதென்று முதலே பேச்சு. வெள்ளாமை வெட்டும் இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் ஓடி, வாய்க்கால் பாதை எந்த வருடமும் இல்லாத கேடு கெட்டுக் கிடந்தது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு, சந்தூக்கை வெளியே கொண்டுவந்து ஏற்றினார்கள். அஹ்ஸன் ஏறித் தலைமாட்டில் இருந்தான். அவனுக்குப் பின்னால் சபியா உம்மாவின் குடி ஏறியது. தம்பிமார், ராத்தாவின் மக்கள், தங்கச்சியின் மக்கள், மருமக்கள். பெரிய தம்பி ஹஸன் மாமாவுக்கு முழங்கால் மடங்காது. அவரையும் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அஸ்ஹர் மரைக்கார் கீழே நின்று, "ரெண்டு பேர், ரெண்டு பேர்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிவாங்கி இல்லாமல் அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

நான் இறங்கிப் பின்னால் போனேன். சில்லுகள் சாய்ந்துவிட்டன. கைக்கும் தடுப்பு ரப்பருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. இதற்காகவா இந்தப் பாடுபட்டேன்? ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். ஹஸன் மாமா சந்தூக்கின் மேல் கையை வைத்து, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இவருக்கு எப்படி இறங்கு என்று சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அஹ்ஸன் பக்கப் பலகைக்கு மேலால் எட்டிச் சில்லைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இந்தப் பாரத்துக்கு ஏலாது என்று நான் தலையை ஆட்டினேன்.

அவன் குனிந்து, சந்தூக்கின் தலைமாட்டில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தான். எழுந்து, மற்றவர்களின் கால்களைத் தாண்டி வந்து கீழே இறங்கினான்.

"எங்க மகன் போற?" என்றார் ஹஸன் மாமா.

"நான் நடந்து வாறன் மாமா."

"என்ன கத இது? உன்ட உம்மா. நீ இரிக்காம வேற ஆரு இரிக்கிற?"

"ஆள் கூடினா உம்மா குலுங்குவா. குலுக்காமக் கொண்டுபோறன் எண்டு சொல்லியிரிக்கன்."

அவ்வளவுதான் சொன்னான். ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை. போய்ப் பிக்கப்புக்குப் பின்னால் பாதையில் நின்றுகொண்டான். வண்டிக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே மகன் கீழே நிற்கும்போது எந்த முகத்தோடு மேலே இருப்பது? முதலில் தங்கச்சியின் மகன் ஒருவன் இறங்கினான். பிறகு அவனுடைய தம்பி. பிறகு மருமக்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. சில்லுகள் நிமிர்ந்தன. கடைசியில் ஹஸன் மாமாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"மாமா, நீங்க இரிங்க. ரெண்டு பேருக்கு இடமிரிக்கி" என்றேன். அஹ்ஸனிடம் போய், "நீ ஏறுடா. இப்ப சரி" என்றேன்.

அவன் ஏறவில்லை. "அவங்கள இறக்கிப்போட்டு நான் ஏறுறதா காக்கா? மரைக்கார் ஏறட்டும்" என்றான். நான் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அவன் அசையவில்லை. அஸ்ஹர் மரைக்கார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்மாட்டில் ஏறினார்.

வேறு வாகனத்தில் யாரும் ஏறவில்லை. எல்லோரும் அஹ்ஸனோடு நடந்தார்கள். நடக்கிறவர்களின் வேகத்துக்கு நான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வயல். கதவுக் கண்ணாடியில் அஹ்ஸன் தெரிந்தான். வண்டிக்குக் கிட்ட, வலப்பக்கமாக நடந்துவந்தான். அவன் சந்தூக்கைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தான், பிறகு சில்லைப் பார்த்தான், பிறகு மறுபடியும் பாதையை.

உழவு இயந்திரம் கிழித்துப்போட்ட ஒரு பெரிய பள்ளம் வந்தது. பாதையின் முழு அகலத்துக்கும் கிடந்தது, விலத்தி எடுக்க வழியில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி மெதுவாக விட்டேன். வலது பின்சில்லு இறங்கியது. இருக்கையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது ஏற, இடது சில்லு இறங்கி ஏறியது. நான் திரும்பி, என் முதுகுப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்தூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ஹஸன் மாமாவின் கை அதன் மேல் அசையாமல் கிடந்தது.

கதவுக் கண்ணாடியில் பார்த்தபோது அஹ்ஸன் நடக்கவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நடுப்பாதையில் நின்று, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமாக அழுதுகொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நடந்து வந்தவர்கள் அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எனக்கும் பாதை மங்கலாகிவிட்டது. அப்படியே வண்டியை விட்டு இறங்கி ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் பிரேக்கை மிதித்தால் சபியா உம்மாவுக்குக் குலுங்கும். நான் மிதிக்கவில்லை.